கல்யாணப் பத்திரிகையும் மேடான எழுத்தும்



உங்கள் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றாவது இருக்கும். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அட்டையின் மேல் விரலை மெல்ல ஓட்டுங்கள். பிள்ளையார் படம் விரலில் தட்டுப்படுகிறதா? தும்பிக்கையின் வளைவு தெரிகிறதா? தெரிந்தால் அது புடைப்பு அச்சு. அச்சுக் கடைகளில் இதை எம்போசிங் என்பார்கள்.

சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரையும் தொட்டுப் பாருங்கள். சிவகாசியில் அச்சாகும் பல காலண்டர் அட்டைகளில் சாமி படம் இப்படித்தான் புடைத்து நிற்கும். தங்க நிறத்தில் மின்னும்.

வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. பத்திரிகை அடிக்கக் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் பத்து விதம் எடுத்துப் போடுவார். ஒன்று மின்னும். ஒன்று வழவழக்கும். ஒன்று மேடாக இருக்கும். எதை எடுப்பது? எதற்கு எவ்வளவு கொடுப்பது? இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இதில் பணம் இருக்கிறது. மரியாதை இருக்கிறது. தப்பு நடந்தால் பிறகு திருத்த முடியாது.

ஒரு கதையாகச் சொன்னால் எளிதில் புரியும்.

இஸ்திரி வண்டிக்காரக் குடும்பம்

தில்லியின் மேற்குப் பக்கத்தில் ஜனக்புரி என்று ஒரு பகுதி இருக்கிறது. வரிசை வரிசையாக வீடுகள். தெரு ஓரத்தில் வேப்ப மரங்கள். அப்படி ஒரு வேப்ப மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி. அந்த வண்டிக்குச் சொந்தக்காரர்கள் ஒரு தமிழ்க் குடும்பம். விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

கணவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துணிக் கணக்கை எல்லாம் மனத்திலேயே வைத்திருப்பார். அந்த அம்மாவும் முன்பு கைநாட்டுத்தான். நாற்பது வயதுக்குமேல் மாலை வகுப்பில் சேர்ந்தார். தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். இப்போது பேருந்துப் பலகையைக் கொஞ்சம் இந்தியில் படிப்பார். தமிழில் என்றால் செய்தித்தாளையே எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்.

மகள் தில்லியிலேயே பிறந்தவள். இந்திப் பள்ளியில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால் அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆக, அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிற்று. கல்யாணம் ஊரில். பத்திரிகையை மட்டும் தில்லியிலேயே அடித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். உறவுக்காரர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம். ஜனக்புரியில் துணி கொடுப்பவர்களுக்கு இந்தியில் ஒரு பக்கம். மொத்தம் 200 பத்திரிகை.

"ஏங்க, பத்திரிகை எங்கே அடிக்கிறது?" என்று அம்மா கேட்டார்.

"எல்லாரும் சாவ்ரி பஜாருக்குத்தான் போறாங்க. நீயே போய்ட்டு வா. படிக்கத் தெரிஞ்சவ நீதானே" என்றார் கணவர்.

பழைய தில்லியில் இருக்கிறது சாவ்ரி பஜார். காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பேர் போன கடைத்தெரு. ஜனக்புரி மேற்கு நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏற வேண்டும். ராஜீவ் சௌக்கில் இறங்கி மஞ்சள் லைனுக்கு மாற வேண்டும். அடுத்தது புதுதில்லி. அதற்கு அடுத்தது சாவ்ரி பஜார். அம்மா நிலையப் பெயர்களைப் படித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

எம்போசிங் எப்படி நடக்கிறது?

கடைக்குள் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காகிதம் எப்படி மேடாகிறது?

பணியார அச்சு, கொழுக்கட்டை அச்சு பார்த்திருப்பீர்கள். எம்போசிங்கும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டு அச்சுகள் இருக்கும். ஒன்றில் படம் பள்ளமாக வெட்டியிருக்கும். மற்றொன்றில் அதே படம் மேடாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் காகிதத்தை வைத்து அழுத்துவார்கள். மேட்டு அச்சு காகிதத்தைப் பள்ள அச்சுக்குள் தள்ளும். காகிதம் அந்த வடிவத்தில் புடைத்து நிற்கும். சில வேலைகளில் அச்சைச் சூடாக்கியும் அழுத்துவார்கள்.

இந்த அச்சுக்கு டை என்று பெயர். டையை உலோகத்தில் செய்வார்கள். மக்னீசியம் என்ற உலோகம் விலை குறைவு. சீக்கிரம் தேயும். பித்தளை விலை அதிகம். ஆயிரக்கணக்கில் அடித்தாலும் தாங்கும். படத்தில் பல உயரங்கள் வேண்டுமானால் பித்தளையில்தான் நன்றாக வரும்.

காகிதமும் முக்கியம். காகிதம் நார்களால் ஆனது. நார் நீளமாக இருந்தால் காகிதம் இழுபடும், கிழியாது. நார் குட்டையாக இருந்தால் மேட்டின் ஓரத்தில் வெடிக்கும். மெல்லிய தாளில் எம்போசிங் நிற்காது. தடித்த தாள் வேண்டும். காகிதத்தின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தாள் எத்தனை கிராம் எடை என்பதே அந்த அளவு. எண் கூடினால் தாள் கனம் என்று பொருள்.

கடைக்காரர் காட்டிய ஐந்து விதம்

கடைக்காரர் அம்மாவை உட்காரச் சொன்னார். "பாருங்கள் பெஹன்ஜி" என்று ஐந்து பத்திரிகைகளை எடுத்துப் போட்டார்.

முதல் பத்திரிகை வெள்ளை. அதில் பிள்ளையார் மேடாக இருந்தார். ஆனால் மை இல்லை, நிறம் இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளைப் பிள்ளையார். பணக்கார வீடுகளில் இதை விரும்புகிறார்கள் என்றார் கடைக்காரர்.

இரண்டாவதில் பிள்ளையார் மேடாகவும் இருந்தார், தங்கமாகவும் மின்னினார். இதில் ஒட்டியிருப்பது பாயில். மிக மெல்லிய மினுமினுப்பான படலம். சூட்டாலும் அழுத்தத்தாலும் அது தாளில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவதில் முதலில் வண்ணத்தில் படத்தை அச்சடித்திருந்தார்கள். பிறகு அதே படத்தின் மேல் புடைப்பு அச்சு. வண்ணமும் மேடும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்த வேண்டும். நூலளவு விலகினாலும் படம் கோணலாகத் தெரியும்.

நான்காவதில் எழுத்துகள் லேசாக மேடாக இருந்தன. அம்மா பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பள்ளமே இல்லை. வழவழப்பாக இருந்தது. "இது டை போட்டது இல்லையே?" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார். அது பொடி அச்சு. ஈர மையின் மேல் ஒருவகைப் பொடியைத் தூவுவார்கள். சூடு காட்டுவார்கள். பொடி உருகி உப்பி நிற்கும். டை வேண்டாம். அதனால் செலவு குறைவு.

உண்மையான எம்போசிங்கையும் பொடி அச்சையும் பிரித்துப் பார்க்க இதுவே வழி. பத்திரிகையைத் திருப்புங்கள். பின்பக்கம் பள்ளம் இருந்தால் எம்போசிங். பள்ளம் இல்லாவிட்டால் பொடி, அல்லது மேலே பூசிய பளபளப்பு.

ஐந்தாவது ஒரே வழவழப்பு. மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தது. இதற்கு லேமினேஷன் என்று பெயர். அம்மா நாக்கில் விரலைத் தொட்டு ஒரு மூலையில் தேய்த்தார். ஈரம் தாளில் ஊறவில்லை, வழுக்கிப் போயிற்று.

"இதுல மஞ்சள் நிக்காதே" என்றார்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். மஞ்சள் இல்லாமல் கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுக்க மாட்டார்கள். வழவழப்பான தாளில் மஞ்சள் ஒட்டாது. ஒட்டினாலும் அடுத்தவர் கையில் வந்துவிடும். ஐந்தாவது பத்திரிகையை அம்மா தள்ளி வைத்தார்.

டை செலவு யார் தலையில்?

"மணமகன், மணமகள் பெயரையும் தங்கத்தில் எம்போஸ் செய்து தருகிறேன். பிரமாதமாக இருக்கும்" என்றார் கடைக்காரர்.

"அதுக்குத் தனி டை செய்யணுமா?" என்று கேட்டார் அம்மா.

"ஆமாம், செய்ய வேண்டும்."

அம்மா மனத்தில் கணக்குப் போட்டார். நீங்களும் போட்டுப் பாருங்கள். கணக்குக்காக, ஒரு டைக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 பத்திரிகை அடித்தால் ஒரு பத்திரிகைக்கு 2 ரூபாய்தான் கூடும். 200 அடித்தால் ஒன்றுக்கு 10 ரூபாய் கூடும். 100 அடித்தால் 20 ரூபாய் கூடும். டை ஒன்றுதான். ஆனால் பத்திரிகை குறையக் குறைய அதன் செலவு ஒவ்வொன்றின் தலையிலும் அதிகமாக விழும். கல்யாணம் முடிந்தபின் அந்த டை யாருக்கும் உதவாது. பெயர் மாறிவிடும் அல்லவா?

பிள்ளையார் படம் அப்படி இல்லை. ஒரே பிள்ளையார் டையை வைத்து ஆயிரக்கணக்கான அட்டைகளை முன்பே அடித்து வைத்திருப்பார்கள். கடையில் தொங்குபவை அந்தத் தயார் அட்டைகள்தான். உள்ளே உங்கள் வீட்டு விவரத்தை மட்டும் பிறகு அச்சடிப்பார்கள். அதனால் அந்த எம்போசிங் மலிவாகக் கிடைக்கிறது.

தமிழ் எழுத்தை எம்போஸ் செய்வதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ண, ஐ போன்ற எழுத்துகளில் சுழிகள் அதிகம். சின்ன அளவில் இவற்றைப் புடைத்தால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே இருக்கும் புள்ளி எழுத்தோடு சேர்ந்துவிடும். எம்போஸ் செய்யும் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். இடைவெளி விட்டும் இருக்க வேண்டும்.

அம்மா இரண்டாவது பத்திரிகையை எடுத்தார். மேலே தங்கப் பிள்ளையார் மட்டும் புடைப்பு. உள்ளே சாதாரண அச்சு. கருஞ்சிவப்பு மை. பெரிய எழுத்து.

"படம் மேடா இருக்கட்டும். எழுத்து படிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்றார்.

ஒரு தபால் தலையின் கதை

முதல் பத்திரிகையை அம்மா ஏன் எடுக்கவில்லை? வெள்ளையில் வெள்ளை அழகாகத்தானே இருந்தது?

இதற்கு விடை 170 ஆண்டுகளுக்குமுன் நடந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது.

அப்போது சிந்து மாகாணம் ஆங்கிலேயர் கையில் இருந்தது. இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. பார்ட்டில் ஃபிரியர் என்பவர் அங்கே ஆணையராக இருந்தார். 1852ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி அவர் ஒரு தபால் தலையை வெளியிட்டார். அதன் பெயர் சிந்து டாக். விலை அரை அணா. ஆசியாவிலேயே முதல் தபால் தலை அதுதான். அது மையால் அச்சடித்தது அன்று. எம்போஸ் செய்தது.

முதலில் சிவப்பு அரக்கு வில்லையில் எம்போஸ் செய்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அரக்கு நொறுங்கும் அல்லவா? கடிதம் போகும் வழியிலேயே தலை வெடித்து உதிர்ந்தது.

பிறகு வெள்ளைத் தாளில் மை இல்லாமல் எம்போஸ் செய்தார்கள். அது உடையவில்லை. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. உறையில் தபால் தலை ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே கஷ்டம் ஆயிற்று.

அதன்பிறகு அதே வடிவத்தை நீல நிறத்தில் செய்தார்கள். அது கண்ணுக்குத் தெரிந்தது.

பாருங்கள், வடிவம் ஒன்றுதான். அரக்கு அழகாக இருந்தும் நிலைக்கவில்லை. வெள்ளை நிலைத்தது, ஆனால் தெரியவில்லை. நீலத்தில்தான் இரண்டும் சேர்ந்து வந்தன. 1854இல் இந்தியா முழுமைக்கும் வேறு தபால் தலைகள் வந்தன. சிந்து டாக் நின்றுபோயிற்று. ஆனால் அது கற்றுத் தந்த பாடம் நிற்கவில்லை.

அம்மாவுக்குச் சிந்து டாக் தெரியாது. ஆனால் ஊரில் இருக்கும் கிழவிகளைத் தெரியும். மங்கிய கண்ணோடு திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகையைத் தடவிப் பார்ப்பார்கள். வெள்ளையில் வெள்ளை எழுத்து அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கையெழுத்துக்கு முன்னே படி

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டார். புரூஃப் தயார் என்றார். புரூஃப் என்றால் சரிபார்க்கும் தாள். அச்சு ஏறுவதற்கு முன் ஒரு தாளில் மாதிரி எடுத்துக் காட்டுவார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டால் அச்சடிப்பார்கள். அதன்பிறகு தப்பு வந்தால் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது.

"மெஷின் காத்திருக்கிறது பெஹன்ஜி. கையெழுத்துப் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினார் கடைக்காரர்.

அம்மா பேனாவைக் கையில் வாங்கினார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தார். விரலை வைத்து முதல் வரியிலிருந்து படித்தார். வாய்விட்டே படித்தார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கவலைப்படவில்லை.

முதல் வரியிலேயே விரல் நின்றது. "திருமண அழைப்பிதழ்" என்று இருக்க வேண்டும். "திருமன அழைபிதழ்" என்று இருந்தது. மூன்று சுழி ண போய் இரண்டு சுழி ன வந்திருந்தது. நடுவில் ஒரு ப் காணவில்லை. எழுத்துக் கோத்தவருக்குத் தமிழ் தெரியாது. பார்த்துப் பார்த்து அடித்திருந்தார்.

அம்மா மேலும் படித்தார். முகூர்த்த வரிக்கு வந்தார். திடுக்கிட்டார். "காலை 9 மணி முதல் 10.30 மணி வரை" என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். தாளில் "மாலை 9 மணி" என்று இருந்தது!

ஒரு எழுத்துத்தான் மாறியிருந்தது. கா போய் மா வந்திருந்தது. ஆனால் அந்த ஓர் எழுத்தை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இருநூறு பத்திரிகையும் அப்படியே போயிருக்கும். தாலி கட்டி முடிந்தபின் உறவுக்காரர்கள் வந்து நின்றிருப்பார்கள். எத்தனை தங்கப் பிள்ளையார் புடைத்து நின்றாலும் அந்த வருத்தம் போகுமா?

அம்மா பேனாவால் இரண்டு இடத்திலும் வட்டம் போட்டார். பக்கத்தில் சரியான சொல்லை எழுதினார். தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஊர்ப் பெயர், மண்டபத்தின் பெயர், பேருந்து நிற்கும் இடம் எல்லாவற்றையும் படித்தார். "திருத்தி இன்னொரு புரூஃப் எடுங்க. அதையும் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். ஆனால் எடுத்துக் கொடுத்தார். இந்த முறை எல்லாம் சரியாக இருந்தது. அம்மா தன் பெயரைத் தமிழில் முழுமையாக எழுதினார். ஒரு காலத்தில் மை தடவி உருட்டிய கட்டைவிரல் இப்போது பேனாவைப் பிடித்திருந்தது.

தாய்மாமனுக்கு ஒரு பத்திரிகை

அச்சான பத்திரிகை வந்தது. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அடுத்தது தாய்மாமனுக்கு. அதுதான் முறை.

அம்மாவுக்கு ஒரே தம்பி. ஊரில் இருக்கிறார். சிறு வயதில் காய்ச்சல் வந்து கண் பார்வை போய்விட்டது. பூந்தமல்லியில் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். விரலால் தொட்டுப் படிப்பார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு பத்திரிகையைத் தடவிப் பார்த்தார். பிள்ளையார் விரலில் தெரிந்தார். ஆனால் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. "தம்பிக்கு இதை யாராவது படிச்சுத்தானே சொல்லணும்" என்று நினைத்தார். மனம் சங்கடப்பட்டது. தன் பெயரை அடுத்தவர் படித்துச் சொல்லக் கேட்டு வாழ்ந்த நாட்கள் அவருக்கு நினைவு வந்தன.

ஜனக்புரியில் அவர் துணி தேய்த்துக் கொடுக்கும் வீடுகளில் ஒரு வீட்டுக்காரர் வங்கியில் வேலை செய்கிறார். அவருக்கும் பார்வை கிடையாது. புள்ளி எழுத்தில் எழுதுவார், படிப்பார். அம்மா ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்.

ஆறு புள்ளிகளின் எழுத்து

அந்தப் புள்ளி எழுத்துக்குப் பிரெய்ல் என்று பெயர். அதைக் கண்டுபிடித்தவர் பெயர் லூயி பிரெய்ல். அவர் 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி பிரான்சு நாட்டில் பிறந்தார். அப்பா தோல் வேலை செய்பவர். குதிரைச் சேணம் தைப்பவர். குழந்தை அந்தப் பட்டறையில் விளையாடியது. கருவி கண்ணில் பட்டுக் காயம் ஆயிற்று. பிறகு இரண்டு கண்களும் பார்வை இழந்தன.

பாரிசு நகரத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. அதைத் தொடங்கியவர் வாலண்டின் ஹாவி. அவர் பெரிய பெரிய எழுத்துகளை எம்போஸ் செய்து புத்தகம் போட்டார். கல்யாணப் பத்திரிகையில் செய்வது போலத்தான். ஆனால் ஓர் எழுத்தைத் தடவி முடிக்கவே நேரம் ஆயிற்று. புத்தகம் பெரிதாகவும் கனமாகவும் இருந்தது. பிள்ளைகள் தாங்களே அப்படி எழுதவும் முடியவில்லை. அந்த எழுத்து கண்ணுக்காகப் பிறந்தது. அதைப் புடைத்துவிட்டால் மட்டும் விரலுக்கு உரியதாகிவிடாது.

சார்லஸ் பார்பியே என்ற படை அதிகாரி புள்ளிகளால் எழுதும் ஒரு முறையைச் செய்திருந்தார். ஆனால் அதில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்தன. ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி பிரெய்ல் அதை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. ஆறு புள்ளிகளில் 63 வடிவங்கள் கிடைக்கும். விரல் நுனியால் ஒரே தொடுதலில் ஓர் எழுத்து தெரியும்.

இடப் பக்கம் மூன்று புள்ளி, வலப் பக்கம் மூன்று புள்ளி. மேலே இடது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி இருந்தால் அது அ. இடது வரிசையில் மூன்று புள்ளியும் இருந்தால் ல. அதோடு வலது மேல் புள்ளியும் சேர்ந்தால் ப.

இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் பாரதி பிரெய்ல் வந்தது. இதில் ஒரு நல்ல ஏற்பாடு. ஒரே ஒலிக்கு எந்த மொழியிலும் ஒரே புள்ளிகள். இந்தியில் க எழுதும் புள்ளிதான் தமிழில் க எழுதவும். அதனால்தான் தமிழ் தெரியாத அந்த வங்கிக்காரர் தமிழ் வரியை எழுத முடிந்தது.

அவர் ஒரு சிறிய பலகையில் தடித்த தாளைப் பொருத்தினார். கையில் ஒரு குத்தூசி. வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போனார். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக நிற்கும். இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

அம்மா சொன்ன வரி இதுதான்: "பாப்பா கல்யாணம். தம்பி நீ வா."

ஓர் இடத்தில் அவர் கையை நிறுத்தினார். பாப்பாவில் ஒரு ஒலி, தம்பியில் வேறு ஒலி கேட்கிறதே என்றார். இந்தியில் அவற்றுக்கு இரண்டு எழுத்துகள் உண்டு. அம்மா சொன்னார்: "தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே ப தான். அதே எழுத்தைப் போடுங்க." அவர் அப்படியே குத்தினார்.

அந்தத் தாளைப் பத்திரிகையின் உள்ளே ஒட்டினார்கள். தபாலில் புள்ளிகள் நசுங்கக் கூடாது. அதனால் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து ஊரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, பத்திரிகை வந்துச்சு. யாரும் படிச்சுச் சொல்லல. நானே படிச்சேன்."

அம்மாவுக்குத் தொண்டை அடைத்தது. "நானும்தான்டா தம்பி. அடிக்கறதுக்கு முன்னே நானே படிச்சேன்" என்றார்.

உங்கள் பையில் இருக்கும் மேடு

மேடான அச்சு கல்யாணப் பத்திரிகையில் மட்டும் இல்லை. உங்கள் பணப்பையிலும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு முதல் வந்த புதிய 500 ரூபாய் நோட்டைத் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம் ஒரு வட்டம் மேடாக இருக்கும். இரண்டு ஓரங்களிலும் ஐந்து சாய்வுக் கோடுகள் தட்டுப்படும். புதிய 100 ரூபாய் நோட்டில் முக்கோணம் இருக்கும். ஓரத்தில் நான்கு கோடுகள் இருக்கும். பார்வையற்றவர்கள் தொட்டு அறியவே இந்த ஏற்பாடு. இருட்டில் உங்களுக்கும் உதவும். நோட்டு பழசானால் மேடு தேய்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில சான்றிதழ்களிலும் பத்திரங்களிலும் மை இல்லாமல் அழுத்திய முத்திரை இருக்கும். ஜெராக்ஸ் எடுத்தால் அதன் நிழல்தான் விழும். மேடு வராது. மூலத் தாள் எது, நகல் எது என்று விரலே சொல்லிவிடும். ஆகவே அப்படிப்பட்ட தாளை லேமினேஷன் செய்வதற்கு முன் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சூட்டில் முத்திரை நசுங்கலாம்.

நினைவில் வையுங்கள்

1. யார் படிக்கப் போகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். பிறகு அழகைப் பாருங்கள்.

2. மேடு படத்துக்கு நல்லது. விவரத்துக்குத் தெளிவான மையும் பெரிய எழுத்துமே நல்லது.

3. பத்திரிகையைத் திருப்பிப் பாருங்கள். எம்போசிங் என்றால் பின்னால் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தின் மேல் எழுத்து வரக் கூடாது. மடிப்பின் மேலும் மேடு வரக் கூடாது.

4. தனி டை வேண்டுமா என்று கேளுங்கள். அதன் செலவைப் பத்திரிகை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

5. தாளைத் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் ஒட்டுமா என்று பாருங்கள்.

6. புரூஃபை வாய்விட்டுப் படியுங்கள். நாள், கிழமை, நேரம், ஊர், பெயர் எல்லாவற்றையும் விரல் வைத்துப் பாருங்கள்.

7. யார் அவசரப்படுத்தினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள பத்திரிகைகளை எடுத்து வாருங்கள். எது எம்போசிங், எது பொடி அச்சு?

300 பத்திரிகை அடிக்க வேண்டும். டைக்கு 1,500 ரூபாய். ஒரு பத்திரிகைக்கு எவ்வளவு கூடும்?

உங்கள் ஊரில் பார்வையற்றவர் யாராவது இருக்கிறாரா? அவர் எப்படிப் படிக்கிறார் என்று கேட்டீர்களா?

கல்யாணம் நன்றாக நடந்தது. காலை 9 மணிக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள். தாய்மாமன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப் பையில் அந்தப் பத்திரிகை இருந்தது.